சூர்யகலா போட்ட சிவப்புக் கோடு

என் அண்ணி சூர்யகலாவுக்கு ரேடியோ கேட்கும் பழக்கமே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ரேடியோக்களோடு மல்லுக்கட்டுகிறவள் என்று சொன்னதும் கேட்கிறவர்கள் உடனே, ஆஹா, பழைய பாட்டுப் பைத்தியமா என்று தலையாட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். பாட்டும் கிடையாது, கூத்தும் கிடையாது. அவளுடைய பைத்தியம் கோடு. காகிதத்தில் ஒரு கோடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவில் நின்றுவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

என்னைவிட வயதில் சின்னவள். என் அண்ணன் அய்யப்பனைக் கட்டிக்கொண்டதால் எனக்கு அண்ணியாகிவிட்டாள். வாயில் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். எழுதும்போதாவது என் இஷ்டத்துக்கு 'அவள்' என்று எழுதிக்கொள்கிறேன், யார் கேட்கப்போகிறார்கள்?

பிறந்த ஊர் வானூர். அப்பா கட்டட வேலைக்குப் போனவர். அண்ணி ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு இன்ஜினீயர் ஆபீசில் கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் போட்டுக்கொடுக்கிறாள். அண்ணன் சென்னையில் கம்பெனி பஸ் ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மிச்ச நாளெல்லாம் திண்டிவனத்து வீட்டில் முன் அறையில் என் தையல் மெஷின், உள் அறையில் அவள் கம்ப்யூட்டர். கல்யாணமான புதிதில் ஒருமுறை திருவக்கரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். வழியில் கோயிலுக்கென்று வைத்திருந்த பலகையில் அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். அவள் மட்டும் பலகை வைத்தவர் யாரென்று விசாரித்து, அந்த மனுஷன் தூரிகையோடு வரும்வரை வெயிலில் நின்றாள். சாமி கும்பிடும்போது நடை சாத்தப்போகிறார்கள் என்று மணி அடித்துவிட்டார்கள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவளோடு குடித்தனம் செய்வது பேஜாரு என்று.

ரேடியோவை அவள் தலையில் கட்டியவர் விழுப்புரம் கோதண்டபாணி சார். டெலிபோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்ஜினீயருக்குச் சிநேகிதர். அந்தக் காலத்து வால்வு ரேடியோக்களை வாங்கிச் சரிசெய்து மறுபடி பேசவைக்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார். அவர்களுக்கு வேதம் என்றால் சர்வீஸ் ஷீட்தான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த படம். அந்த ஷீட்டெல்லாம் கரையான் தின்றும், மடிப்பில் கிழிந்தும், ஜெராக்சுக்கு ஜெராக்ஸ் எடுத்து மை ஊறியும் கிடக்கும். கம்பெனியே தப்பாக அச்சடித்ததும் உண்டு. அதை நம்பி ஒயரை மாற்றிவைத்தால் செட் புகைந்துவிடும். ஒரு ஷீட்டைத் திருத்தமாக வரைந்து தரச் சொல்லி சார் கொடுத்தார். அதில் ஒரு கோடு எங்கேயோ கிளம்பி எங்கேயும் சேராமல் நின்றது. அவ்வளவுதான், அண்ணி அதிலேயே குடியேறிவிட்டாள்.

அச்சில் இருந்ததைக் கறுப்பில் போடுவாள். திருத்தத்தைச் சிவப்பில் போடுவாள். குரூப்பில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஊகத்தில் யாரும் சிவப்பு போடக் கூடாது. அதே மாடல் ரேடியோ இரண்டை, இரண்டு வேறு ஊரில், பிரித்துப் பார்த்து ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சிவப்புக் கோடு. அதனால் அண்ணியின் சிவப்புக்கு அங்கே அப்படியொரு மதிப்பு. தன் கண்ணால் பார்ப்பதை நம்பாமல் அந்தக் கோட்டை நம்புகிற அளவுக்கு மதிப்பு. அங்கேதான் வந்தது வினை.

ஒரு மாடல் ரேடியோவின் ஷீட் வந்தது, அந்த மாடலில் ஒரு வில்லங்கம் உண்டு. அண்ணி எனக்கு விளக்கினபடியே சொல்கிறேன். அதில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. சுவரிலிருந்து வரும் இரண்டு ஒயரில் ஒன்று நேராக ரேடியோவுக்குள் இருக்கும் இரும்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் தகடு சாது. திருப்பிச் செருகினால் தகடு முழுக்கக் கரண்ட். வெளிப்பெட்டி மரம் என்பதால் கை படாது. பின்பக்கம் எர்த் ஒயர் மாட்டுகிற ஸ்க்ரூ மட்டும் வெளியே தெரியும். அந்த ஸ்க்ரூவுக்கும் தகட்டுக்கும் நடுவில் காவலுக்கு ஒரு சின்ன கண்டன்சர் இருக்கும். அது இருக்கிறவரை பயமில்லை. அதை எடுத்துவிட்டால், ஸ்க்ரூவைத் தொடுகிறவன் கரண்டையே தொடுகிறான்.

ஷீட்டில் கண்டன்சர் என்பது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கோடுகள். சரியாக அந்த இடத்தில் காகிதம் மடிந்து மடிந்து வெளுத்துப்போயிருந்தது. அங்கே இருப்பது கண்டன்சரா, மடிப்பில் மை உதிர்ந்த இடமா என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டப்படி இரண்டு செட்டைப் பிரித்தார்கள். ஒன்று கோதண்டபாணி சாருடையது, இன்னொன்று வானூரில் ஒருவருடையது. இரண்டிலும் கண்டன்சர் இல்லை, நேராக ஒயர்.

"அப்ப எர்த்துல கரண்டு வராதா சார்?" என்று அண்ணி போனில் கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"வரும்மா. கம்பெனிக்காரன் அப்பிடிப் பண்ணி வெச்சிருந்தா நாம என்ன பண்றது? இருக்கறத இருக்கறபடி வரையறதுதான் நம்ம வேல," என்றார் அவர்.

அண்ணி அந்த இடத்தில் நேராக ஒரு சிவப்புக் கோட்டை இழுத்தாள். ஓரத்தில் 'மடிப்புத் தடம், கண்டன்சர் இல்லை' என்று குறித்தாள். ஷீட் குரூப்புக்குப் போனது.

ஐப்பசி மாதம், தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே நாற்காலி சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அண்ணி எழுந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் ஈயாடவில்லை.

மரக்காணத்தில் கோபி என்று ஒருத்தர். கடலுக்குப் போகிற குடும்பம். அவர் வீட்டுப் பெட்டியில் அதே மாடல் ரேடியோ ஒன்று கிடைத்திருக்கிறது. யாருமே பிரிக்காத செட், ஸ்க்ரூ மேல் கம்பெனி வைத்த பெயின்ட் சீல் அப்படியே இருக்கிறது. அதைப் பிரித்து ஃபோட்டோ அனுப்பியிருந்தார். உள்ளே கண்டன்சர் இருந்தது.

அண்ணி பழைய இரண்டு ஃபோட்டோவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எனக்கே தெரிந்தது. இரண்டிலும் ஒரே பச்சைத் துணி சுற்றின ஒயர். முனையை ஒரே மாதிரி முறுக்கி, ஒரே மாதிரி ஈயத்தைக் கொட்டி வைத்திருந்தது. விழுப்புரத்தில் அந்தக் காலத்தில் ஒரு மெக்கானிக் இருந்தாராம், இப்போது உயிரோடு இல்லை. சுற்றுவட்டாரத்து ரேடியோவெல்லாம் அவரிடம்தான் போகும். கண்டன்சர் கெட்டுப்போனால் புதிது போடாமல் ஒயரை நேராக இழுத்துவிடுவது அவர் கைப்பழக்கம்.

"ரெண்டு ஊரு, ரெண்டு சாட்சின்னு நெனச்சேன் பானு. ஒரே ஆளு ரெண்டு தடவ சொல்லியிருக்கான்," என்றாள்.

"சரி, தப்பாப் போச்சி. அழிச்சிட்டு வேற அனுப்புங்க அண்ணி. இதுக்கா நாற்காலிய ஒடைக்கறீங்க?"

அவள் போனை எடுத்து, காலையில் வந்திருந்த ஒரு குரல் பதிவைப் போட்டாள்.

"மேடம், கெடார்லேர்ந்து ராஜ்குமார் பேசறேன். உங்க ரெட் லைன் பாத்தேன், ரொம்ப தேங்க்ஸ். என் செட்டுல அந்த எடத்துல ஒரு கண்டன்சர் இருந்துது மேடம். எவனோ மெக்கானிக் பின்னாடி சேத்துருப்பான்னு கட் பண்ணிட்டு நேரா ஒயர் போட்டுட்டேன். எர்த்த ஜன்னல் கம்பில கட்டிக்கினேன். இப்ப கொல்லைல களை எடுக்கப் போய்க்கினு இருக்கேன். சாய்ங்காலம் வந்து போட்டுப் பாக்கறேன்."

கையில் இருந்த கொக்கி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கம்பெனி வைத்த காவலை அந்த ஆள் தன் கையால் வெட்டி எறிந்திருக்கிறான். எதிரே உண்மை இருந்தது, அதைவிட அண்ணியின் கோடு அவனுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

ராஜ்குமார் போன் சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டாள், மறுபடியும் சுவிட்ச் ஆஃப். குரூப்பில் 'யாரும் கரண்ட் போடாதீர்கள், என் கோடு தப்பு' என்று எழுதினாள். உடனே ஒருத்தர், 'அட்மின் சார் சொல்லட்டும் மேடம்' என்று பதில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். கோதண்டபாணி சாரைக் கூப்பிட்டால், ராஜ்குமார் விலாசம் பார்சல் அனுப்பின சீட்டில்தான் இருக்கிறது, தேட வேண்டும், போகிற வழிதானே, வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றார்.

அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என் ஸ்கூட்டியில் கிளம்பினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் சேற்றுத் தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டுப் போயின. பின்னால் உட்கார்ந்து அவள் போன் போட்டுக்கொண்டே வந்தாள். அந்தப் பொம்பளைக் குரல் 'நீங்கள் தொடர்பு கொள்ளும் நபர்' என்று ஆரம்பிப்பது எனக்கே ஹெல்மெட்டுக்குள் கேட்டது. விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் வண்டிகள் தேங்கி நின்றபோது, "ஜல்தி பானு, ஜல்தி," என்று என் முதுகில் அடித்தாள். அப்புறம் தனக்குத்தானே, "கொழந்த இருக்குமோ அந்த வீட்டுல," என்றாள். கடவுளே, கடவுளே என்பதைத் தவிர என் வாயில் வேறு ஒன்றும் வரவில்லை.

விழுப்புரத்தில் கிழக்குப் பாண்டி ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சார் வீடு. விலாசத்தைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார். கொடுத்தாரா என்றால் இல்லை. விவாதம் செய்ய ஆரம்பித்தார்.

"கோபி ஃபோட்டோ பாத்தேன்மா. ஆனா என் செட்டுல எவனும் கை வெச்சதில்ல. ரெண்டு செட்டு ஒரு மாதிரி சொல்லுது, ஒரு செட்டு வேற மாதிரி சொல்லுது. எப்பிடி எடுக்கறது?"

"சார், ரெண்டும் ஒரே மெக்கானிக் கை சார்."

"அது உங்க ஊகம். ஊகத்துல போடக்கூடாதுன்னா ஊகத்துல எடுக்கவும் கூடாதுல்ல? இன்னொரு செட்டு காட்டுங்க, இன்னிக்கே எடுத்துடறேன்."

"ராஜ்குமார் செட்டுல இருந்துதுன்னு அவரே சொல்றாரு சார்!"

"கட் பண்ணிட்டாரே. ஃபோட்டோ எங்கம்மா?"

பேசிக்கொண்டு நிற்கிற நேரமா இது? நான் அவர் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. காணை தாண்டும்போது தூறல் வலுத்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கொல்லையிலிருந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே வந்த ஒவ்வொரு ஆம்பளையையும் ராஜ்குமாராக இருக்குமோ என்று பார்த்தோம். முகம் தெரியாத ஒருத்தனுக்காக நான் அப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கெடாரில் டீக்கடையில் கேட்டதும் காட்டினார்கள். தெருவுக்குள் திரும்பினதுமே ரேடியோ சத்தம் கேட்டது. கரகரப்பு, நடுவில் யாரோ செய்தி வாசிக்கிறார்கள், மறுபடி கரகரப்பு. போட்டுவிட்டான். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது.

வண்டி நிற்கும் முன்பே அண்ணி குதித்தாள். அவ்வளவு அவசரத்திலும் பாருங்கள், அடுத்தவர் வீட்டு வாசல் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். எங்கள் ஊர்ப் பொம்பளைகளுக்குக் கால் அப்படிப் பழகிவிட்டது. ரேடியோ சத்தத்தில் அவள் கூப்பிட்டது உள்ளே கேட்கவில்லை. ரேடியோவுக்குப் பின்னால் ஒரு ஆள் குனிந்திருப்பது தெரிந்தது. ஜன்னலுக்குப் போய், "ராஜ்குமார்! தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள்.

அந்தக் கம்பியில்தான் எர்த் ஒயர் கட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உள்ளே இருக்கிறவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அது மறந்துபோனது.

'மார்' என்பது பாதியில் நின்றது. உடம்பு விறைத்தது. கையை விட முடியவில்லை. ஈர மண்ணில் வெறுங்கால். நான் செருப்போடுதான் ஓடினேன். தொடக் கூடாது என்று எப்படித் தோன்றியதோ, கையிலிருந்த ஹெல்மெட்டால் அவள் மணிக்கட்டில் ஓங்கி ஓங்கி அடித்தேன். என் அண்ணியை நான் அடித்தேன், பேய் பிடித்தவள் மாதிரி அடித்தேன். ஒரு கை விட்டது. இன்னொன்றும் விட்டது. சேற்றில் மல்லாக்க விழுந்தாள்.

அதற்குள் ராஜ்குமார் ஓடிவந்தான். என் வயதுதான் இருக்கும், கொல்லை மண் காலில் அப்படியே இருந்தது. "புடுங்குய்யா அத மொதல்ல!" என்று நான் கத்தின கத்தலில் திரும்ப உள்ளே ஓடிப் பிளக்கைப் பிடுங்கினான். ரேடியோ அடங்கியது. மூச்சு இருக்கிறதா என்று அண்ணியின் மூக்கில் விரலை வைத்தேன். இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ராஜ்குமார் பெண்சாதி அன்புச்செல்வி தண்ணீரோடு வந்தாள். அவள் இடுப்பில் ஒரு கூடை, துவைத்த துணி. என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"இத அந்தக் கம்பிலதான் காயப் போடலாம்னு எடுத்துக்கினு வந்தேன்," என்றாள்.

அண்ணிக்குக் கண் திறந்தபோது உள்ளங்கை இரண்டும் கோடு கோடாக வெந்திருந்தது. வலது கை விரல்கள் மடங்கினபடியே இருந்தன. நாக்குக் குழறியது. "அவருக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதன் பிறகு, "கண்டன்சர்... வெட்டினத... எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

ராஜ்குமார் அழுதுகொண்டே குப்பையைக் கிளறினான். அந்த நேரம் பார்த்து அண்ணியின் போன் அடித்தது. கோதண்டபாணி சார். நான்தான் எடுத்தேன்.

"என்னம்மா, இன்னொரு செட்டு எதனா கெடச்சுதா?"

"யோவ்! இன்னொரு செட்டா? பொணம் ஒண்ணு உழாமப் போச்சேன்னு சாமிய கும்புட்டுக்க! நீ சாட்சி கேட்ட கோடு எங்க அண்ணிய ஜன்னல்ல புடிச்சி வெச்சிக்கினு உடமாட்டேன்னுது. கை ரெண்டும் வெந்துபோய் சேத்துல கெடக்குறாங்க. எடுக்கறியா, இல்ல அங்க வந்து உன் செட்டு எர்த்துல உன் கைய வெச்சிக் காட்டட்டுமா?"

வாழ்க்கையில் ஒரு பெரியவரை நான் 'யோவ்' என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான், அதற்காக எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வருவதற்குள் சார் அந்த ஷீட்டைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார். சார் தன் செட்டின் பிளக்கையும் வெட்டிப் போட்டுவிட்டதாக அப்புறம் சொன்னார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணிதான், "நான்தான சார் போட்டேன்," என்று அவருக்குச் சமாதானம் சொன்னாள். என் அண்ணன் அன்று அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை.

இது நடந்து மாதம் ஒன்றாகிறது. இடது கை தேறிவிட்டது. வலது கை விரல்கள் இன்னும் நிமிரவில்லை. கோடு போட முடியுமா என்று டாக்டரிடம் அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு அது இரண்டாம்பட்சமாகிவிட்டது.

குரூப்பிலிருந்து ஷீட்டை எடுத்துவிட்டார்கள், சரி. அதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொண்டவர்கள்? இறக்கினதைத் தெரிந்தவருக்கு அனுப்பினவர்கள்? அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டவர்கள்? தினம் சாயங்காலம் ஆனதும் அண்ணி ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுகிறாள். "ஒரு ஷீட்டு அனுப்பியிருந்தோம்ங்க, அதுல நான் போட்ட செவப்புக் கோடு தப்புங்க. நீங்க யாருக்கு அனுப்பினீங்க? அவுங்க நெம்பர் தர்றீங்களா?" சிலர் தருகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். ஒருத்தர், 'உங்க ரெட் லைன் தப்பாவே இருக்காது மேடம்' என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இப்போது ஒரே ஒரு எண் பாக்கி. பெயர் இல்லை, ஊர் தெரியாது, படத்தில் ஒரு பூ. குரூப்பில் என்றைக்கோ சேர்ந்து, ஷீட்டை எடுத்துக்கொண்டு, 'இந்த வாரம் போட்டுடுவேன்' என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போன ஆள். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. சுவிட்ச் ஆஃப் என்று வந்தாலாவது போனை மாற்றிவிட்டான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அப்படி வருவதில்லை. ரிங் போகிறது. யாரோ சார்ஜ் போட்டு வைத்திருக்கிற போன் யாரோ வீட்டில் அடித்துக்கொண்டேயிருக்கிறது. யாரும் எடுப்பதில்லை. முழுவதும் அடித்து நின்றதும் அண்ணி இடது கையால் மறுபடி அழுத்துகிறாள்.